இது நெருஞ்சில்தானா?

"கிட்னியிலே கல்லா? கவலையை விடுங்க. நெருஞ்சிலைப் பிடுங்கிட்டு வந்து கஷாயம் வெச்சுக் குடிங்க. பத்தே நாள்லே கரைஞ்சு போயிடும்!"

பக்கத்து வீட்டு மாமியோ, ஆபீஸ் நண்பரோ, ஊரிலிருந்து வந்த பெரியப்பாவோ... யாராவது ஒருவர் இப்படிச் சொல்லாத வீடு அபூர்வம். காலையில் வாக்கிங் போகிறவர்களுக்காகப் பார்க் வாசலில் நிற்கும் மூலிகை ஜூஸ் வண்டிகளிலும், வாழைத்தண்டு, அருகம்புல் சாறுகளுக்குப் பக்கத்தில் நெருஞ்சில் கஷாயம் இடம் பிடித்துவிட்டது. குடிக்கலாமா, வேண்டாமா என்பது அப்புறம். முதலில் ஒரு கேள்வி. நீங்கள் பிடுங்கிக்கொண்டு வந்தது நெருஞ்சில்தானா?

"இது என்ன கேள்வி? முள் குத்தினா நெருஞ்சி. குத்தலேன்னா வேற ஏதோ செடி" என்று சிரிக்க வேண்டாம். தமிழில் நெருஞ்சில் என்ற பெயரைச் சுமந்துகொண்டு மூன்று செடிகள் இருக்கின்றன. சிறுநெருஞ்சில் ஒன்று. பெருநெருஞ்சில் என்றும் ஆனைநெருஞ்சில் என்றும் சொல்லப்படுவது இன்னொன்று. மூன்றாவது செப்பு நெருஞ்சில். பெயரில்தான் அண்ணன் தம்பி. பிறப்பில் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனைநெருஞ்சில் எள்ளுச் செடிக்குச் சொந்தம். செப்பு நெருஞ்சில் அவுரிக்குச் சொந்தம். சிறுநெருஞ்சில் இந்த இரண்டு குடும்பத்திலும் சேராத தனி ஆசாமி. கஷாயம் கஷாயம் என்று ஊரே பேசுவது பெரும்பாலும் இந்தச் சிறுநெருஞ்சிலைத்தான். ஆகவே அதை முதலில் சரியாகப் பார்த்துவிடலாம்.

பாலைவனத்துப் பூ

சிறுநெருஞ்சிலுக்குச் சொந்த ஊர் வறண்ட பூமி. மத்திய தரைக்கடல் நாடுகள், ஆப்பிரிக்கா, அரேபியா, நம் ராஜஸ்தானின் தார்ப் பாலைவனம் என்று மணலும் வெயிலும் உள்ள இடமெல்லாம் அதற்குத் தாய்வீடு. தாரில் ஜூலை வாக்கில் முதல் மழை விழுந்ததும் மணலுக்குள் தூங்கிக்கொண்டிருந்த விதை கண் விழிக்கும். ஈரம் காய்வதற்குள் காரியத்தை முடித்தாக வேண்டும் அல்லவா? சில வாரங்களுக்குள் முளைத்து, படர்ந்து, பூத்து, காய்த்து, முள் காய்களை மணலில் உதிர்த்துவிட்டுச் செடி மடிந்துவிடும். அடுத்த மழை வரும்வரை, அது எத்தனை வருஷம் ஆனாலும் சரி, விதை காத்திருக்கும். அங்கே இதற்குக் 'கோக்ரு' என்று பெயர். பஞ்ச காலத்தில் இந்தக் காய்களை இடித்து மாவாக்கி ரொட்டி தட்டித் தின்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

நம் பக்கத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்துச் செம்மணல் தேரிகள், கடற்கரையை ஒட்டிய மணல், மானாவாரிக் காடு, ரயில்வே லைன் ஓரம், பையன்கள் கிரிக்கெட் ஆடும் பொட்டல்... இங்கெல்லாம் பார்க்கலாம். ஈரமும் நிழலும் உள்ள தோட்டத்து மூலையில் "நெருஞ்சி முளைச்சிருக்கு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். இதற்கு வெயில் வேண்டும்.

கையில் எடுத்துப் பாருங்கள்

செடி நிமிர்ந்து நிற்காது. நடுவில் ஒரே வேர். அதிலிருந்து நாலாபக்கமும் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரிக் கொடிகள் தரையோடு தரையாகப் படரும். ஓர் அடியிலிருந்து மூன்று அடி வரை நீளலாம். இளம் கொடியைத் தடவினால் மெல்லிய ரோமம் கையில் படும்.

அடையாளத்தில் ஏமாற்றாத பகுதி இலைதான். தூரத்தில் பார்த்தால் புளிய இலையோ, கொண்டைக்கடலைச் செடியின் இலையோ என்று தோன்றும். ஒரு காம்பின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகக் குட்டி இலைகள். நுனியைக் கவனியுங்கள்: அங்கேயும் ஜோடியாகத்தான் முடியும், ஒற்றை இலை துருத்திக்கொண்டு நிற்காது. இன்னொரு விஷயம் மிக முக்கியம். கொடியின் ஒவ்வொரு கணுவிலும் எதிரும் புதிருமாக இரண்டு இலைகள் இருக்கும். அந்த இரண்டும் ஒரே அளவில் இருக்காது! ஒன்று பெரிசு, எதிரில் இருப்பது சின்னது. இந்த ஏற்றத்தாழ்வு கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பூ மஞ்சள். ஐந்து இதழ்கள், ஒரு சென்டிமீட்டர் அகலம், சற்று முன்னே பின்னே இருக்கலாம். பெரும்பாலும் அந்தச் சின்ன இலையின் கக்கத்தில் ஒற்றையாகப் பூக்கும். காலையில் விரிந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெயில் ஏறி மதியம் ஆனதும் சோர்ந்து இதழ்களைக் கொட்டிவிடும். ஆகவே சாயங்காலம் டார்ச்சும் கையுமாகப் போய்ப் பூவைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. காலை எட்டு, ஒன்பது மணிக்குப் போங்கள்.

காய்தான் ஊரறிந்த வில்லன். பச்சையாக இருக்கும்போது ஐந்து பகுதிகள் சேர்ந்த ஒரு குட்டி உருண்டை. முற்றிக் காய்ந்ததும் ஐந்தும் தனித்தனியாகப் பிரிந்து விழும். ஒவ்வொரு துண்டிலும் பெரிய முள் இரண்டு, சின்ன முள் இரண்டு. எப்படி விழுந்தாலும் ஏதோ ஒரு முள் மேலே பார்த்து நிற்கும்படி அமைப்பு! அந்தக் காலத்தில் எதிரியின் குதிரைப் படையைத் தடுக்கத் தரையில் தூவிவைத்த இரும்பு முள்ளுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயரைத்தான் தாவர விஞ்ஞானிகள் இந்தச் செடிக்கு 'ட்ரிபுலஸ்' என்று வைத்தார்கள். சமஸ்கிருதத்தில் 'கோக்ஷுர'. 'க்ஷுர' என்றால் கத்தி. மாட்டின் காலைக் கேட்டால் காரணம் சொல்லும். ஆட்டு ரோமத்தில் ஒட்டிக்கொண்டே அமெரிக்கா வரை போய், அங்கே சைக்கிள் டயர்களைப் பஞ்சராக்கிப் பெரிய தலைவலியாகிவிட்டது. 1961-இல் இதன் விதையையும் தண்டையும் தின்னும் இரண்டு வகைக் கூன்வண்டுகளை இத்தாலியிலிருந்து வரவழைத்துக் காட்டில் விட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு நெருஞ்சி முள் ஏறினதே தெரியாது. மணலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தால் ராத்திரி படுக்கப் போகும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். முள் குத்தினது தெரிந்தால் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று யோசித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவு அடையாளத்தையும் நாம் இப்போதுதான் கண்டுபிடித்தோம் என்று நினைக்க வேண்டாம். குறுந்தொகையின் 202-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லை என்ற பெண்பாற் புலவர் நெருஞ்சியைப் படம் பிடித்திருக்கிறார். வறண்ட புன்செய் நிலம், சின்ன இலை, கண்ணுக்கு இனிய புதுப் பூ, அப்புறம் அதே பூ முள்ளாகிப் போவது... எல்லாம் வரிசையாக வருகிறது. முன்பு இனியவனாக இருந்து இப்போது துன்பம் தருகிற புருஷனைப் பற்றி அந்தத் தலைவி தோழியிடம் புலம்பும் பாட்டு அது. புலம்பலுக்கு நடுவிலேயும் செடியை இவ்வளவு கச்சிதமாகப் பார்த்திருக்கிறாளே!

மற்ற இரண்டு பேர்

ஆனைநெருஞ்சிலைப் பிரித்து அறிவது சுலபம். இலை ஒற்றை இலை. சதைப்பற்றாக, ஓரத்தில் வெட்டு வெட்டாக இருக்கும். புளிய இலை ஜாடையே கிடையாது. பூ மஞ்சள்தான், ஆனால் தனித்தனி ஐந்து இதழ்களாக விரியாமல் குழாய் போல நீண்டு வாய் விரிந்திருக்கும், எள்ளுப் பூவைப் போல. காய் ஐந்தாக உடையாது. நான்கு மூலை உள்ள ஒரே கட்டி. மூலைக்கு ஒரு முள். சந்தேகம் தீரவில்லையா? ஒரு டம்ளர் தண்ணீரில் பச்சைச் செடியின் கிளையை விட்டுச் சற்று நேரம் கலக்குங்கள். தண்ணீர் முட்டையின் வெள்ளைக் கரு மாதிரிக் கொழகொழவென்று ஆகிவிடும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் கொழகொழப்பு போய்விட்டிருக்கும். முன்னொரு காலத்தில் தண்ணீர் மோரைக் கெட்டி மோராகக் காட்ட இந்த வித்தையைச் செய்தவர்கள் உண்டு! ஆனைநெருஞ்சிலும் நாட்டு வைத்தியத்தில் நீர்க்கடுப்புக்குப் பயன்படுகிற மூலிகைதான், விஷச் செடி அல்ல. ஆனால் சிறுநெருஞ்சில் கேட்ட இடத்தில் இதைப் போட்டால் அது வேறு மருந்து.

நான் அதிகம் பயப்படுவது மூன்றாவது ஆளைப் பார்த்துத்தான். செப்பு நெருஞ்சில் தரையோடு படரும். குட்டி இலைகள் கொண்ட கூட்டிலை. பூ இல்லாத சமயத்தில், காய் வராத சமயத்தில், அவசரத்தில் பார்க்கிறவர் "இதான், இதான்" என்று பிடுங்கிவிடுவார். நுனியைப் பாருங்கள் என்று சொன்னேன் அல்லவா? அது இங்கேதான் உதவும். செப்பு நெருஞ்சிலின் கூட்டிலையில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் இலைகள் இருக்கும். நுனியில் ஒரு இலை தனியாக நிற்கும். கணுவில் எதிரெதிர் ஜோடியும் கிடையாது. பூ செம்பு நிறச் சிவப்பு, அவரைப் பூவின் ஜாடையில் மிகச் சிறியது. காயில் முள்ளே இல்லை.

இந்தச் செடி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைப் பகுதிகளிலும் வளருகிறது. அங்கே இதை அதிகமாக மேய்ந்த குதிரைகள் நடை தடுமாறி, காலை இழுத்து இழுத்து நடந்து, கடைசியில் செத்தும் போயிருக்கின்றன. பர்ட்ஸ்வில் என்ற ஊரின் பெயரால் அந்த நோயையே அழைக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. இதை மேய்ந்த குதிரை, ஒட்டகங்களின் இறைச்சியைத் தின்ற நாய்களுக்கு ஈரல் கெட்டது. இண்டோஸ்பைசின் என்ற பொருள்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். சித்த மருத்துவத்தில் செப்பு நெருஞ்சிலுக்கும் இடம் உண்டு. அதை எப்போது, எவ்வளவு, எப்படி என்று படித்த வைத்தியர் தீர்மானிப்பார். தெரியாமல் பிடுங்கி வந்து தினமும் ஒரு சொம்பு காய்ச்சிக் குடிப்பது வேறு சமாசாரம்.

கடையில் வாங்கினால்?

"எங்க ஊர்லே பொட்டலே இல்லை, நாட்டு மருந்துக் கடையிலேதான் வாங்கறோம்" என்பவர்களுக்கு: பொடியாக வாங்காதீர்கள். அரைத்த பிறகு எது எது என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. முழுக் காயாகக் கேளுங்கள். கையில் கொட்டிப் பார்த்தால், சிறுநெருஞ்சில் ஆப்புத் துண்டு மாதிரி உடைந்த பகுதிகளாகவும் முழு உருண்டையாகவும் கலந்து இருக்கும், துண்டுக்கு இரண்டு ஜோடி முள். ஆனைநெருஞ்சில் அதைவிடப் பெரிசாக, நாலு மூலையோடு, உடையாமல் இருக்கும். வட இந்தியச் சந்தையிலும் இதே குழப்பம்தான். 'சோட்டா கோக்ரு', 'படா கோக்ரு' என்று இரண்டையும் பிரிக்கிறார்கள். போதாக்குறைக்குத் தார்ப் பகுதியில் சிறுநெருஞ்சிலின் நெருங்கிய சொந்தமான வேறு இனங்களும் விளைகின்றன. அவற்றின் காயில் முள்ளுக்குப் பதில் தட்டையான இறக்கை போன்ற ஓரம் இருக்கும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆயுர்வேதத்தின் தசமூலத்தில், அதாவது பத்து வேர்களில், இதன் வேரும் ஒன்று. நடைமுறையில் வேருக்குப் பதில் காயே பல இடங்களில் போடப்படுகிறது. சித்தத்தில் 'நெருஞ்சில் குடிநீர்' என்றே ஒரு மருந்து உண்டு. ஆக, மரபு இருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

சரியான செடி... தப்பான ஆள்!

சரி, செடி அசல் சிறுநெருஞ்சில்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் எல்லோரும் குடிக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பிரதேசத்தில், மழைக்குப் பின் முளைத்து வெயிலில் வாடிய நெருஞ்சிலை மேயும் ஆடுகளுக்கு முகம் வீங்கி மஞ்சளாகிவிடும். வெயில் பட்டால் தோல் வெந்து போகும். செடியில் உள்ள சபோனின் என்ற பொருள் பித்தக் குழாய்களில் படிகமாகத் தேங்கி ஈரலைப் பாதிப்பதுதான் அடிப்படை. ஆடு மூட்டை மூட்டையாகத் தின்கிறது, மனிதர்கள் அப்படித் தின்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் 2010-இல் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வெளியான ஒரு கேஸ் யோசிக்க வைக்கிறது. ஈரான் நாட்டைச் சேர்ந்த 28 வயது இளைஞர், கல் வராமல் இருக்கட்டும் என்று நெருஞ்சில் சாரத் தண்ணீரை இரண்டே நாள் குடித்தார். வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈரல் என்சைம்கள் எகிறியிருந்தன, கிரியாட்டினினும் ஏறியிருந்தது. குடிப்பதை நிறுத்திய பிறகு தேறினார். ஒரே ஒரு கேஸை வைத்து ஒரு மூலிகையைத் தூக்கில் போட முடியாது, ஆனால் "பச்சிலைதானே, என்ன பண்ணிடும்?" என்கிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

கிரியாட்டினின் ஏற்கனவே அதிகம் உள்ளவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், ஒரே கிட்னியோடு வாழ்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள்... இவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையோ, சர்க்கரைக்கு மாத்திரையோ சாப்பிடுகிறவர்களும் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும்.

ஜிம்முக்குப் போகும் பையன் வீட்டில் இருந்தால் அவன் அலமாரியையும் ஒருதரம் பாருங்கள். 'ட்ரிபுலஸ்' என்று பளபளக்கும் டப்பாவில் இருப்பதும் இதே நெருஞ்சில்தான். ஆண் ஹார்மோன் கூடும், தசை முறுக்கேறும் என்று விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 22 ரக்பி வீரர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தினம் 450 மில்லிகிராம் வீதம் ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் பலத்திலோ ஹார்மோனிலோ வித்தியாசம் தெரியவில்லை. பையனுக்கு அந்தக் காசில் முட்டையும் சுண்டலும் வாங்கிக் கொடுக்கலாம்.

கல் விஷயத்துக்கு வருவோம். சிறுநீர்க் குழாயில் இறங்கிய கல் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால், மூன்றில் இரண்டு பேருக்கு அது தானாகவே வெளியே வந்துவிடும். தண்ணீர் நிறையக் குடித்துக்கொண்டு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டாலே போதும். அந்தச் சமயத்தில் நெருஞ்சில் குடித்தவர் "நெருஞ்சில்தான் கரைச்சுது" என்பார். வாழைத்தண்டு குடித்தவர் வாழைத்தண்டுக்குப் பேர் கொடுப்பார். எலிகளில் செய்த சோதனைகளில் நெருஞ்சில் கல் உருவாவதைக் குறைத்திருக்கிறது. எலிக்கு நடந்தது உங்கள் கிட்னியில் இருக்கும் 12 மில்லிமீட்டர் கல்லுக்கும் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் ஆபத்தான ஏமாற்றம் ஒன்று உண்டு. கல் குழாயை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டால், சில சமயம் கொஞ்ச நாளில் வலி அடங்கிவிடும். "கஷாயம் வேலை செஞ்சிடுச்சு" என்று நினைத்து வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே அடைபட்ட கிட்னி வீங்கி, சத்தமில்லாமல் வீணாகிக்கொண்டிருக்கும். ஆகவே கஷாயம் ஆரம்பிக்கும் முன் ஒரு ஸ்கேன் எடுத்துக் கல்லின் அளவையும் இருக்கும் இடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வலி போன பிறகும் டாக்டர் சொல்லும் தேதியில் இன்னொரு ஸ்கேன். நடுவில் குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் நின்றுபோனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, அது ராத்திரி ஒரு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

சித்த வைத்தியரிடம் போகிறவர்கள் அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். நீங்களே பறித்த செடி என்றால் இலையை மட்டும் உருவிக்கொண்டு போகாமல், வேர், கொடி, பூ, காய் எல்லாம் சேர்ந்த முழுச் செடியாக ஒரு பழைய பேப்பரில் சுற்றி எடுத்துப் போனால் அவர் பார்த்ததும் சொல்லிவிடுவார். கையில் முள் குத்தாமல் பார்த்துப் பிடுங்குங்கள்!